புட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும்

நெசவாளர் ஒருவர் சேலையை நெய்து சங்கத்திற்குக் கொண்டுவந்தால், அதனை விரித்து, இழையெண்ணி, சரிகையைத் தொட்டுப் பார்த்து மதிப்பிடலாம். குடியானவர் ஒருவர் நிலக்கடலையைக் களத்தில் குவித்தால், ஒரு பிடி அள்ளி உடைத்துப் பார்த்து விலை பேசலாம். மூடி முத்திரையிட்டுக் கடைக்கு வரும் பானப் புட்டியை அவ்வாறு சோதித்து வாங்க எவராலும் இயலாது. கடைக்காரர் திறந்து காட்டமாட்டார். நாமே திறந்துவிட்டால் விலை கொடுத்தே தீரவேண்டும். ஆகவே வாங்குபவருக்கு ஆதாரமாக இருப்பது புட்டியின்மேல் ஒட்டியுள்ள லேபிள் ஒன்றுதான். அதில் எழுதியிருப்பதே விற்பவர் கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கு முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் என்ன செய்வது? முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பழத்தின் பெயரும் படமும் விளங்குகின்றன. பின்பக்கத்துப் பொடி எழுத்திலோ வேறு பழங்களின் கணக்கு இருக்கிறது. இவ்விரண்டில் எதனை நம்பி அவர் காசு கொடுத்தார் என்று கொள்வது? இக்கேள்வியை ஆராயும் வழக்குகள் சென்ற சில பத்தாண்டுகளில் அமெரிக்க நாட்டு நீதிமன்றங்களில் பலவாகப் பெருகியுள்ளன. நம் நாட்டிலும் அண்மையில் இதே கேள்வி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. நம் அங்கத்தினர்கள் பண்டம் வாங்குவோராகவும், பண்டம் விளைவிப்போராகவும், சங்கத்தின் வாயிலாகப் பண்டம் விற்போராகவும் இருப்பதால், இவ்வழக்குகளின் வரலாறு மூன்று வகையிலும் நமக்குப் பயன்படும்.

மாதுளையின் பெயரில் ஆப்பிள்

கலிபோர்னியா மாநிலத்தில் பெரிய அளவில் மாதுளை பயிரிட்டு, அதன் சாற்றைப் புட்டியிலடைத்து 2002-ஆம் ஆண்டு முதல் விற்றுவரும் கம்பெனி ஒன்றுண்டு. 'பாம் ஒண்டர்ஃபுல்' என்பது அதன் பெயர். அது எளிய குடியானவர்களின் சங்கமன்று; செல்வம் மிக்க தனியார் நிறுவனமே. எனினும் அது தொடுத்த வழக்கு, நிலத்தில் பாடுபட்டு விளைவிக்கும் அனைவரும் அறியத்தக்கது.

கோகோ கோலா கம்பெனியார் 'மினிட் மெய்ட்' என்னும் தம் வாணிபப் பெயரில் பழரசம் ஒன்றை விற்று வந்தனர். அப்புட்டியின் லேபிளில் 'மாதுளை புளூபெர்ரி' என்ற சொற்கள் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றின் கீழே, '5 பழரசங்களின் சுவையூட்டிய கலவை' என்பது அதைவிட மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. பாதியாக வெட்டிய மாதுளையின் படமும், பிற பழங்களின் படங்களும் அதில் வரையப்பட்டிருந்தன. உள்ளே இருந்தது என்ன? நூற்றுக்கு 99.4 பங்கு ஆப்பிள், திராட்சை ஆகியவற்றின் சாறு. மாதுளைச் சாறு 0.3 பங்கு, புளூபெர்ரிச் சாறு 0.2 பங்கு, ராஸ்பெர்ரிச் சாறு 0.1 பங்கு. ஒரு லிட்டர் பானத்தில் 3 மில்லி லிட்டர் மாதுளைச் சாறு என்பது இதன் பொருள். ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாத அளவு அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. லேபிளில் வரைந்த மாதுளை வியாபாரத்திற்கு மட்டும் நன்றாகவே உதவிற்று.

பாம் கம்பெனியார் 2008-ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். பண்டத்தைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கும் வகையில் பெயரிட்டு விற்பவர்மீது, அதனால் வியாபாரம் குறையப்பெற்ற போட்டியாளர் வழக்கிடலாம் என்பது அந்நாட்டின் 1946-ஆம் ஆண்டு 'லேன்ஹம்' சட்டம். உண்மையான மாதுளைச் சாற்றுக்கு ஆகும் செலவு மிகுதி. ஆப்பிள் சாற்றின்மேல் மாதுளைப் படத்தை ஒட்டி மலிவாக விற்றால், வாங்குபவர் அதையே மாதுளை என்று நம்பி எடுத்துச் செல்வார். மாதுளை விளைவித்தவரின் சரக்கு தேங்கிவிடும். இதுவே வாதிகளின் முறையீடு.

கோகோ கோலா கம்பெனியாரின் விடை வேறு விதமாக இருந்தது. உணவுப் பண்டங்களின் லேபிளை ஒழுங்கு செய்வதற்கென்று அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் இருக்கிறது. சிறு அளவில் சேர்ந்த சாற்றின் பெயரைச் சுவையைக் குறிப்பதற்காகக் கலவைக்கு வைப்பதை அதன் விதிகள் அனுமதிக்கின்றன. விதிப்படி நடந்தவர்மீது வேறொரு சட்டத்தின்கீழ் வழக்கிடுவது முறையன்று என்றனர். கீழ்க் கோர்ட்டும் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் இதனை ஒப்புக்கொண்டன. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது.

அங்கே வாதம் நடந்தபோது ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. வாங்கும் ஜனங்கள் லேபிளைப் பார்த்து ஏமாறும் அளவுக்கு அறிவற்றவர்கள் அல்லர் என்னும் கருத்துப்பட பிரதிவாதியின் வழக்கறிஞர் பேசினார். உடனே நீதிபதி அந்தோணி கென்னடி குறுக்கிட்டு, தாமே அதனை மாதுளைச் சாறு என்று எண்ணியிருந்ததாகச் சொன்னார். நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவருக்கே அப்படித் தோன்றினால், அவசரமாகக் கடைக்குப் போய்வரும் குடும்பத் தலைவிக்கு எப்படித் தோன்றும் என்று சொல்லவேண்டியதில்லை.

2014-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. வழக்கைக் கேட்ட 8 நீதிபதிகளும் ஒருமனதாக இருந்தனர். தீர்ப்பை எழுதியவர் அதே கென்னடி. உணவுச் சட்டமும் லேன்ஹம் சட்டமும் ஒன்றையொன்று தடுப்பன அல்ல, ஒன்றுக்கொன்று துணை நிற்பன என்று அவர் விளக்கினார். அரசாங்க நிர்வாகம் ஒவ்வொரு லேபிளையும் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் அளிப்பதில்லை. சந்தையில் யார் எவ்விதம் ஏமாற்றுகிறார் என்பதை அதே தொழிலில் இருப்பவர் அறிவதுபோல் அதிகாரிகள் அறிய முடியாது. ஆகவே அவருடைய வழக்குரிமையைப் பறித்தால், அவருக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் பாதுகாப்புக் குறைந்துவிடும் என்பது தீர்ப்பின் சாரம்.

இது வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பற்றிய தீர்ப்பு. லேபிள் உண்மையில் ஏமாற்றியதா என்னும் விசாரணை பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜூரர்கள் கோகோ கோலா பக்கமே தீர்ப்பளித்தனர். உரிமையை நிலைநாட்டிய பாம் கம்பெனிக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஆயினும், விதியின் எழுத்தைக் காத்துவிட்டேன் என்று சொல்வதாலேயே வழக்கினின்றும் ஒருவர் தப்பிவிட முடியாது என்னும் நெறி அந்நாட்டில் நிலைத்துவிட்டது.

வாங்குவோர் கூடித் தொடுத்த வழக்குகள்

மேற்கண்டது வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடந்த வழக்கு. லேன்ஹம் சட்டத்தின்கீழ், பண்டம் வாங்குபவர் வழக்கிட முடியாது. அவர்களுக்கு அந்தந்த மாநிலத்தின் நுகர்வோர் சட்டங்களே துணை. ஆனால் ஒரு புட்டி பானத்திற்காக யார் வக்கீல் வைத்து வழக்காடுவார்? நஷ்டம் சில காசுகள். வழக்குச் செலவோ ஆயிரக்கணக்கில். இதற்கு அந்நாட்டார் கண்ட வழி, ஒரே வகையில் ஏமாற்றப்பட்ட அனைவருக்குமாக ஒருவரோ சிலரோ வழக்குத் தொடுப்பது. இதனை ஒழுங்குபடுத்தும் கூட்டமைப்பு நீதிமன்றங்களின் 23-ஆம் விதி 1966-ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்பட்டது. தனித்தனியே வலிமையற்றவர்கள் ஒன்றுசேர்ந்து வலிமை பெறுவது என்னும் நம் கூட்டுறவுத் தத்துவமே இங்கு நீதிமன்றத்தில் நின்று பேசுகிறது என்று நாம் கொள்ளலாம்.

இத்தகைய வழக்குகளில் 'வைட்டமின் வாட்டர்' வழக்கு குறிப்பிடத்தக்கது. கோகோ கோலா கம்பெனியார் 2007-ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது அப்பானம் அவர்கள் கைக்கு வந்தது. வைட்டமின், நீர் என்னும் இரண்டு சொற்களே அதன் பெயர். காப்பு, மீட்பு, சக்தி என்னும் பொருள்படும் பெயர்கள் அதன் வகைகளுக்குச் சூட்டப்பட்டிருந்தன. பெயரில் வைட்டமினும் நீரும் மட்டுமே உண்டு. புட்டிக்குள் ஏறத்தாழ 33 கிராம் சர்க்கரையும் இருந்தது. பொதுநல அறிவியல் மையம் என்னும் நுகர்வோர் அமைப்பின் துணையுடன் 2009-ஆம் ஆண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது.

சர்க்கரையின் அளவைப் பக்கத்திலுள்ள அட்டவணையில் அச்சிட்டிருக்கிறோம் என்றனர் கம்பெனியார். அத்துடன், அப்பானத்தை ஆரோக்கிய பானம் என்று எண்ணி எவரும் நியாயமாக ஏமாறியிருக்க முடியாது என்றும் அவர்கள் வழக்கறிஞர்கள் வாதிட்டனர். விளம்பரத்தில் உடல்நலத்தைக் காட்டி விற்றுவிட்டு, நீதிமன்றத்தில் அதனை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று சொல்வது வியப்புக்குரியதன்றோ? 2010-ஆம் ஆண்டு ஜூலையில் நீதிபதி ஜான் கிளீசன் வழக்கைத் தள்ளிவிட மறுத்தார். அட்டவணையில் சர்க்கரைக் கணக்கு இருக்கிறது என்பதனால் மட்டுமே, பெயரும் முன்பக்க வாசகங்களும் உண்டாக்கும் மயக்கம் நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது என்பது அவர் கருத்து. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனிப்பு சேர்க்கப்பட்டிருப்பதை லேபிளில் தெரிவிக்கவும், சில வாசகங்களைக் கைவிடவும் கம்பெனியார் இசைந்தனர்.

இதற்கு முன்னோடியாகக் கூறத்தக்க தீர்ப்பு 2008-ஆம் ஆண்டிலேயே குழந்தைத் தின்பண்ட வழக்கொன்றில் வெளிவந்தது. பல பழங்களின் படங்கள் போட்ட அப்பெட்டியில், வெள்ளைத் திராட்சைச் சாற்றைத் தவிர வேறு பழச்சாறு எதுவும் இல்லை. முன்பக்கத்தில் பொய்த் தோற்றம் காட்டிவிட்டு, பக்கவாட்டுப் பொடி எழுத்தைப் படித்து உண்மையைக் கண்டுபிடித்துக்கொள் என்று வாங்குபவருக்குச் சொல்லலாகாது என்பது மேல்முறையீட்டுக் கோர்ட்டின் முடிவு. பொடி எழுத்தின் பணி முன்பக்கம் சொன்னதை விவரிப்பதே அன்றி, மறுப்பதன்று.

வாங்குவோர் எப்போதும் வென்றாரா?

வழக்குத் தொடுத்த நுகர்வோர் அனைவரும் வென்றனர் என்று எண்ணுவது தவறு. நியாயமான அறிவுடைய ஒரு சாதாரண மனிதர் இதனைப் பார்த்து ஏமாறுவாரா என்பதே அந்நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவுகோல். 'டயட்' என்ற பெயர் கொண்ட பானத்தைக் குடித்தால் உடல் எடை குறையும் என்று நம்பி வாங்கி ஏமாந்ததாக ஒருவர் வழக்கிட்டார். வழக்கமான பானத்தைவிட அதில் சர்க்கரைச் சத்தும் கலோரியும் குறைவு என்பதே அச்சொல்லுக்கு அவ்விடத்தில் பொருள், எடை குறையும் என்று அது வாக்களிக்கவில்லை என்று கூறி, 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுக் கோர்ட்டு அவ்வழக்கை நிராகரித்தது.

'ரெட் புல்' பான வழக்கைப் பற்றிப் பத்திரிகைகளில் வேடிக்கையாக எழுதினார்கள். சிறகு முளைக்கும் என்ற விளம்பரத்தை நம்பிக் குடித்தவர், சிறகு முளைக்காததால் வழக்கிட்டார் என்று பலரும் சிரித்தனர். உண்மை அதுவன்று. கவனமும் சுறுசுறுப்பும் செயல்திறனும் கூடும் என்று விளம்பரம் செய்து அதிக விலைக்கு விற்கிறார்கள். ஆனால் ஒரு கோப்பைக் காபியால் கிடைப்பதற்கு மேல் இதனால் எதுவும் கிடைப்பதில்லை என்பதே 2013-ஆம் ஆண்டில் தொடுத்த அவ்வழக்கின் உள்ளீடு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனியார் 2014-ஆம் ஆண்டு 130 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டனர். பானம் வாங்கியவருக்குத் தலைக்கு 10 டாலர் ரொக்கம், அல்லது 15 டாலர் பெறுமான சரக்கு என்பது ஏற்பாடு. உரிமை கோரியவர்கள் திரண்டு வரவே, பங்கு குறைந்துபோயிற்று.

இவ்வகை வழக்குகளில் வக்கீல்களுக்குப் பெருந்தொகையும் ஜனங்களுக்குச் சில்லறையும் கிடைக்கின்றன என்னும் குறை அந்நாட்டிலேயே பேசப்படுகிறது. வைட்டமின் வாட்டர் சமரசத்தில் வாங்கியவர்களுக்கு ரொக்கமாக எதுவும் கிடைக்கவில்லை. இக்குறையை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் லேபிள் திருந்திற்று. அதனால் அடுத்து வாங்குபவர் அடையும் நன்மையை ரொக்கக் கணக்கில் எழுத முடியாது.

வாதியே பிரதிவாதியான கதை

மாதுளைக் கம்பெனியின் கதை இன்னும் முடியவில்லை. பிறருடைய லேபிளைக் குற்றம் சொல்லிக் கோர்ட்டுக்குப் போன அதே காலத்தில், அந்தக் கம்பெனியின் விளம்பரங்களை அரசாங்கத்தின் வாணிப ஆணையம் ஆராய்ந்துகொண்டிருந்தது. தங்கள் மாதுளைச் சாறு இருதய நோய், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் முதலியவற்றைத் தடுக்கவும் தணிக்கவும் வல்லது என்று தோன்றுமாறு அவர்கள் விளம்பரம் செய்து வந்தனர். 2010-ஆம் ஆண்டு ஆணையம் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. 2013-ஆம் ஆண்டு, 36 விளம்பரங்கள் பொய்யானவை அல்லது மயக்கம் தருபவை என்று அது முடிவு செய்தது.

கம்பெனியார் ஆராய்ச்சிக்குச் செலவழிக்காதவர்கள் அல்லர். 350 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டிருந்தனர். ஆனால் சாதகமாக வந்த சிறு ஆய்வுகளைப் பறைசாற்றிவிட்டு, பலன் ஒன்றும் இல்லை என்று காட்டிய பெரிய ஆய்வுகளைச் சொல்லாமல் விட்டனர். மேல்முறையீட்டில், 2015-ஆம் ஆண்டு ஜனவரியில், வாஷிங்டன் நகரக் கோர்ட்டு ஆணையத்தின் முடிவைப் பெரும்பாலும் உறுதி செய்தது. நோய் தீர்க்கும் என்று கூறவேண்டுமானால் இரண்டு மருத்துவச் சோதனைகள் வேண்டும் என்ற ஆணையத்தின் நிபந்தனையை மட்டும் ஒன்றாகக் குறைத்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்ரீ சீனிவாசன். அவர் தந்தையாரின் சொந்த ஊர் திருநெல்வேலியை அடுத்த ஒரு கிராமம். 2016-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் மேற்கொண்டு தலையிட மறுத்துவிட்டது.

ஊருக்கு உபதேசம் செய்பவர் தம் வீட்டு வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் மாதுளைச் சாறு விற்றவருக்கே, அதன் குணத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்காகத் தண்டனை கிடைத்தது. பண்டம் அசலாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றிய பேச்சும் அசலாக இருக்கவேண்டும் என்பதே நாம் இங்கே கொள்ளவேண்டிய பாடம்.

நம் நாட்டு நிலைமை

அமெரிக்காவில் பேச்சு பெரும்பாலும் காசைப் பற்றியது. நம் நாட்டிலோ இதே கேள்வி குழந்தைகளின் உயிரோடு தொடர்புபட்டு எழுந்தது.

பேதியால் உடலின் நீர் வற்றிய குழந்தைக்குக் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்குப்படி, ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் சேரவேண்டும். சர்க்கரை இக்கணக்குக்கு மிஞ்சினால், குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். அப்படியிருக்க, சர்க்கரை மிகுந்த சில பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துக்களைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டு வந்தன. மருந்துக் கடையில், மருந்தின் பெயரோடு வாங்கிய ஒன்றை மருந்தன்று என்று எந்தத் தாய் சந்தேகிப்பாள்?

ஹைதராபாத் நகரக் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதனை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். 2022-ஆம் ஆண்டு தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை இதுவன்று என்னும் குறிப்பை லேபிளில் சேர்த்துக்கொண்டால் அப்பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டு ஜூலையில் அனுமதித்தது. பெயர் பெரியது, குறிப்பு சிறியது. மறுபடியும் முன்பக்கமும் பின்பக்கமும் என்ற அதே கதை. கடைசியில், 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி ஆணையம் அவ்வனுமதியை விலக்கிக்கொண்டது. உரிய கலவையில்லாத எந்தப் பானமும் முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்துக்கூட அப்பெயரைத் தாங்கலாகாது என்று உத்தரவாயிற்று. இதனை எதிர்த்து மருந்துக் கம்பெனி ஒன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு அம்மாத இறுதியில் தள்ளுபடியாயிற்று. ஒரு மருத்துவரின் விடாமுயற்சி நாடெங்குமுள்ள கடைகளின் அலமாரியை மாற்றிவிட்டது.

இதற்கு முன்னரே, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சுண்ட வைத்த சாற்றில் நீர் கலந்து மீட்டெடுக்கும் பழரசங்களின் லேபிளில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போடக் கூடாதென்று அதே ஆணையம் கட்டளையிட்டிருந்ததையும் இங்கே குறிப்பிடலாம்.

தனி மனிதருக்கும் சட்டத்தில் வழி உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பண்டத்தைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதும், முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் மயக்கும் விளம்பரமே என்று அச்சட்டம் சொல்கிறது. அத்தகைய விளம்பரத்திற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்ச ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். வாங்கியவர் தாம் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை; கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணமும் இல்லை. ஒரே குறையுள்ள பலருக்காக ஒருவர், ஆணையத்தின் அனுமதி பெற்று வழக்கிடவும் 35-ஆம் பிரிவு இடம் தருகிறது. 1915 என்ற எண்ணில் தொலைபேசி வாயிலாக முறையிடவும் வசதி செய்யப்பட்டிருக்கிறது.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

கூட்டுறவு இயக்கத்தின் தோற்றமே இவ்விஷயத்தோடு பிணைந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இங்கிலாந்தில் ராக்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி ஒரு சிறு கடையைத் திறந்த முன்னோடிகளில் நெசவாளர்கள் பலர் இருந்தனர். ரொட்டி மாவில் படிகாரமும், தேயிலையில் வண்ணமும் கலந்து விற்ற காலம் அது. மாவு, ஓட்ஸ், சர்க்கரை, வெண்ணெய் என்னும் சில பண்டங்களே அக்கடையில் இருந்தன. ஆனால் கலப்படமில்லாச் சரக்கு, குறையா நிறை என்னும் இரண்டும் அங்கே உறுதி. உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் முதற் சட்டம் அந்நாட்டில் 1860-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. சட்டம் வருமுன்னரே நெசவாளர்கள் தம் கடையில் அதனை நடத்திக் காட்டினார்கள்.

பொய்ப் பெயரால் வரும் நஷ்டம் இன்னதென்று நம் நெசவாளர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்கும்போது, வாங்குபவர் ஒரு முறை ஏமாறுகிறார். தறியில் அமர்ந்தவரோ ஒவ்வொரு நாளும் கூலி இழக்கிறார். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும், 2006-ஆம் ஆண்டில் வந்த கைத்தறி முத்திரையும் இதற்காகவே ஏற்பட்டன. மாதுளை விளைவித்தவரின் முறையீடும், கைத்தறி நெய்தவரின் முறையீடும் ஒன்றே. உழைப்பைக் கொடுத்தவர் ஒருவர், பெயரை எடுத்துக்கொண்டு லாபம் அடைந்தவர் மற்றொருவர்.

ஆகவே மூன்று காரியங்களை நம் சங்கங்கள் மேற்கொள்ளலாம் என்பது நமது யோசனை.

முதலாவது, வாங்கும் பழக்கம். எப்புட்டியையும் எடுத்தவுடன் திருப்பிப் பார்க்க நம் இல்லத்தாரையும் பிள்ளைகளையும் பழக்கவேண்டும். உட்பொருள்களை அளவில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி அச்சிடவேண்டும் என்பது நம் நாட்டு விதி. படத்தில் உள்ள பழம் அவ்வரிசையில் எங்கே நிற்கிறது, அதற்கு முன்னால் சர்க்கரை நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை விளங்கிவிடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வெள்ளை மனம் பாராட்டத்தக்கதே. ஆனால் அதனைக் கடைத்தெருவில் காட்டலாகாது.

இரண்டாவது, கூடி முறையிடுதல். சங்கப் பண்டகசாலைக்கு வரும் சரக்கில் லேபிளுக்கும் பொருளுக்கும் முரண்பாடு கண்டால், புட்டியையும் ரசீதையும் அங்கத்தினர்கள் பத்திரப்படுத்த வேண்டும். பலருடைய குறை ஒன்றாக இருந்தால், நிர்வாகக் குழு அவற்றைத் திரட்டிப் புகார் எழுத உதவலாம். ஒருவராகச் சென்றால் சில்லறைத் தகராறு; நூறு பேராகச் சென்றால் அது வழக்கு.

மூன்றாவதுதான் கடினமானது. நன்னாரி சர்பத்தோ, நெல்லிச் சாறோ, தேனோ புட்டியிலடைத்து விற்க முன்வரும் விவசாயிகளின் சங்கங்கள் இப்போது பெருகி வருகின்றன. போட்டிக்கு அஞ்சி, சர்க்கரை நோயைப் போக்கும், ரத்தத்தைச் சுத்தி செய்யும் என்றெல்லாம் லேபிளில் எழுதும் ஆசை நமக்கும் வரும். மாதுளைக் கம்பெனியின் கதையை அப்போது நினைத்துக்கொள்ள வேண்டும். நன்னாரி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிட்டால், முதல் ஆண்டில் விற்பனை சிறிது குறையவும் கூடும். ஆனால் அப்புட்டியை வாங்கியவர் மறுமுறை அதைத் திருப்பிப் பார்க்கவேண்டிய அவசியம் இராது.

வரும் பொதுக்குழுக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கைப் படித்து முடித்தபின், சங்கத்தின் சரக்குகளில் ஒவ்வொன்றாக எடுத்து அதன் லேபிளை உரக்கப் படிக்கச் செய்யுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். விளைவித்தவரும் நெய்தவரும் அங்கே அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னிலையில் கூசாமல் படிக்கக்கூடிய சொற்களை மட்டும் லேபிளில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அன்றே அடித்துவிடலாம்.